மாதவிடாய் நின்றபின் எலும்பு முறியாமல் காக்க வீட்டுப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எலும்புத் தேய்மானம்" என்று டாக்டர் சொன்னார். முட்டி வலிக்கும் அதே பெயர்தானே?

இரண்டு வெவ்வேறு கோளாறுகளுக்குத் தமிழில் இந்த ஒரே சொல் புழங்குகிறது. அதனால் வரும் குழப்பம் இது. முட்டியில் குருத்தெலும்பு தேய்வது மூட்டுத் தேய்மானம். அது வலிக்கும், ஆனால் அதனால் எலும்பு முறியாது. எலும்புக்குள் இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, இடைவெளிகள் பெரிதாகிப் போவது எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். அது முறிகிற நாள் வரை வலிக்கவே வலிக்காது. இங்கே பேசுவது இந்த இரண்டாவதைத்தான்.

உங்களுக்கு இருப்பது எது என்று தெரிய, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்டில் "டி ஸ்கோர்" என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 1-ம் அதற்கு மேலும் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் அடர்த்திக் குறைவு. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. இடுப்பு எண்ணும் முதுகு எண்ணும் வேறு வேறாக வரலாம். 65 வயதுக்கு மேல் முதுகெலும்பில் தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முள்களும் கணக்கில் சேர்ந்து, முதுகு எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அந்த வயதில் இடுப்பு எண்ணை அதிகம் நம்பலாம்.

ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பது எலும்புக்கு நற்சான்று ஆகாது. ரத்தத்தில் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து அந்த அளவைச் சரிக்கட்டிவிடும். இலவச முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவி சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும். அதை வைத்து மருந்து தொடங்கக் கூடாது.

மாதவிடாய் நின்றதும் ஏன் இப்படி ஆகிறது?

பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்கின்றன. கரைப்பவற்றுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் கட்டுவதைவிடக் கரைப்பது முந்திக்கொள்கிறது. முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் இழப்பு மிக வேகமாக இருக்கும்; சிலருக்கு எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நிற்பதால் இந்தக் காலம் சீக்கிரமே வந்துவிடுகிறது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்குக் கணக்கு அறுவை சிகிச்சை நாளிலிருந்தே தொடங்கும். 38 வயதில் எடுத்தவர் 60 வரும்வரை காத்திருந்து ஸ்கேன் பார்ப்பதில் பொருளில்லை.

எந்த எலும்பு முறிகிறது?

மூன்று இடங்கள், மூன்று விதம். இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பயிற்சி எதற்கு என்பது பாதி புரிந்துவிடும்.

மணிக்கட்டு: ஐம்பதுகளில் முதலில் முறிவது பெரும்பாலும் இதுதான். விழும்போது கையை ஊன்றுவதால் நடக்கிறது. "விழுந்தால் யாருக்கும் முறியத்தானே செய்யும்" என்று மாவுக்கட்டோடு முடித்துவிடுகிறோம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிந்தால் அது எச்சரிக்கை மணி. ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இடுப்பு: பத்தில் ஒன்பது விழுவதால் வருவது, அதிலும் பக்கவாட்டில் விழுவதால். வயது ஏற ஏற, கை ஊன்றும் வேகம் குறைந்து, அடி இடுப்பில் நேராக இறங்குகிறது.

முதுகெலும்பு: இதற்கு விழ வேண்டிய அவசியமே இல்லை. குனிந்து குடத்தைத் தூக்கும்போது, மெத்தையை உயர்த்தி விரிப்பைச் செருகும்போது, சில சமயம் பலமாகத் தும்மும்போதுகூட முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கிப்போகும். மூன்றில் ஒன்றுதான் மருத்துவர் கண்ணில் படுகிறது. மற்றவை "வாயுப்பிடிப்பு" என்று தைலம் தேய்த்தே கடந்துவிடுகின்றன. உயரம் குறைவதும் கூன் விழுவதும் பின்னால் தெரியவரும்.

ஆக, மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் விழாமல் இருப்பது முக்கியம். முதுகுக்கு எப்படிக் குனிகிறோம் என்பது முக்கியம்.

வீட்டில் பயிற்சி செய்தால் எலும்பு அடர்த்தி கூடுமா?

லேசான பயிற்சியால் கூடாது. தேய்வதைச் சற்றே மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகம் நடத்திய லிஃப்ட்மோர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு குழு, பயிற்றுநர் மேற்பார்வையில் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தூக்கியது. மற்றொரு குழு வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தது. 8 மாதம் கழித்து எடை தூக்கியவர்களின் கீழ்முதுகு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது; வீட்டுக் குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு பழக்கமில்லாத சுமைக்குத்தான் பதில் சொல்லும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வருடக்கணக்கில் தூக்கிக்கொண்டே இருந்தால் எலும்புக்கு அது ஒரு செய்தியே இல்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்காதீர்கள். அந்த ஆய்வில் முதல் மாதம் முழுக்கத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கவே போனது. பக்கத்தில் ஆள் நின்று ஒவ்வொரு தூக்கலையும் பார்த்தார். அருகில் எலும்புப்புரை தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டோ பயிற்றுநரோ இருந்தால் அந்த வழியை முயல்வது நல்லது.

அப்படியானால் வீட்டுப் பயிற்சி எதற்கு?

விழாமல் இருக்க. அதில் வீட்டுப் பயிற்சிக்குக் கெட்டியான ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வகுத்த திட்டம் முழுக்க வீட்டில் செய்வது: கணுக்காலில் எடை கட்டிக் கால் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி, கூடவே வாரம் இரண்டு நாள் நடை. 1997-இல் வெளியான முதல் ஆய்வில் பங்கேற்றவர்கள் 80 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்கள். நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விழுவதும் அதனால் வரும் காயமும் 35 சதவீதம் குறைந்திருந்தன. முறிவைத் தடுப்பதில் ஸ்கேன் எண்ணைவிட இது பெரிய லாபம் என்றே சொல்வோம். எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும், விழாதவருக்கு இடுப்பு முறிவது அபூர்வம்.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேனே, போதாதா?

சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. எலும்புக்கு நடை மட்டும் போதாது, ஏனென்றால் அது உடல் ஏற்கெனவே பழகிய சுமை. விழுவதைத் தடுக்கவும் தனியாக உதவாது. கை முறிந்து தேறிய பெண்களை வேகமாக நடக்கச் சொன்ன ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் அவர்கள் அதிகமாகவே விழுந்தார்கள். நம் ஊர் நடைபாதையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முதலில் இரண்டு மூன்று மாதம் காலுக்கும் சமநிலைக்கும் பயிற்சி, பிறகு வேக நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு இன்னும் குறைவாகவே உதவும். அங்கே உடல் எடையைத் தண்ணீரும் சீட்டும் தாங்கிக்கொள்கின்றன.

தொடங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது.

கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால், 65 முதல் 69-க்கு 11-க்குக் குறைந்தால், 70 முதல் 79-க்கு 10-க்குக் குறைந்தால் கால் பலம் போதவில்லை.

அடுத்து, சமையல் மேடை அருகே நின்று ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியோடு ஒட்டி, ஒரே கோட்டில் நில்லுங்கள். பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் விழும் ஆபத்து அதிகம். சமநிலைப் பயிற்சியிலிருந்தே தொடங்க வேண்டும்.

உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பயிற்சிக்கு முன் முதுகு எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள். ஏற்கெனவே ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்க வாய்ப்புண்டு.

என்னென்ன பயிற்சிகள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஐந்து போதும். இருபதைப் பட்டியல் போட்டால் இரண்டாவது வாரமே விட்டுவிடுவீர்கள்.

*எழுந்து உட்காருதல்.* சக்கரம் இல்லாத நாற்காலி, முட்டி உயரம். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்தில் வைத்து, குதிகாலை முட்டிக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ளுங்கள். முதுகு நேராக இருக்க, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று நான்கு எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். பெரும்பாலானோர் தவறு செய்வது இங்கேதான்: கடைசி அரை அடியில் "தொப்"பென்று விழுவார்கள். அந்த அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குப் போகும். மெதுவாக இறங்க முடியாவிட்டால் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முட்டிகள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாயக் கூடாது. 8 முதல் 10 முறை, இரண்டு சுற்று.

*இடுப்பில் மடங்குதல்.* ஐந்தில் மிக முக்கியமானது இதுதான், ஏனென்றால் நாள் முழுக்க நீங்கள் குனியும் விதத்தையே இது மாற்றும். மாப் கம்பை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள்: பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு பட வேண்டும். கூன் இருப்பவர்களுக்குப் பின்தலையில் படாது. அதற்காகத் தலையைப் பின்னே தள்ள வேண்டாம். சுவருக்கு ஓர் அடி முன்னால் நின்று, முட்டியை லேசாக மடக்கி, பின்புறத்தைச் சுவரைத் தொடும்வரை பின்னால் தள்ளுங்கள். மேல் உடல் தானாக முன்னே சாயும். கம்பு எங்காவது விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள்; அந்த இடத்தோடு நிறுத்தித் திரும்புங்கள். இரண்டு வாரம் கம்போடு மட்டும். தவறில்லாமல் வந்தபின், ஸ்டூல் மேல் வைத்த 2 கிலோ துணிப்பையை அதே முறையில் எடுத்து நிமிருங்கள். எடை உடலோடு ஒட்டியே வர வேண்டும். தரையிலிருந்து எடுக்கும் அவசரம் வேண்டாம். ஸ்டூல் உயரத்தில் 5 கிலோ சுலபமான பிறகு பார்க்கலாம்.

*முதுகு நிமிர்த்துதல்.* குப்புறப் படுத்து, வயிற்றுக்கடியில் தலையணை. கைகள் பக்கவாட்டில். பார்வை தரையிலேயே இருக்க, மார்பை நாலு விரல் அளவு மட்டும் தூக்கி, 3 முதல் 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். 10 முறை. தலையை அண்ணாந்து தூக்கினால் வேலை கழுத்துக்குப் போய்விடும். குப்புறப் படுக்க முடியாதவர்கள் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, முழங்கைகளையும் தோள்களையும் தரையில் அழுத்தி 5 விநாடி பிடிக்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் மெஹர்ஷீத் சினாக்கி என்ற மருத்துவரின் குழு 50 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டுகள் முதுகுத் தசைக்குப் பயிற்சி செய்து பிறகு நிறுத்தினார்கள். பத்தாவது ஆண்டில் பார்த்தபோது அவர்களின் முள்ளெலும்புகளில் 1.6 சதவீதமும், செய்யாதவர்களுடையதில் 4.3 சதவீதமும் நசுங்கியிருந்தன.

*பக்கவாட்டில் கால் தூக்குதல்.* சமையல் மேடையைப் பிடித்து நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் ஓர் அடி தூக்கி மெதுவாக இறக்குங்கள். விரல்கள் முன்னே பார்க்கட்டும். வெளியே திரும்பினால் வேறு தசை வேலையைத் திருடிக்கொள்ளும். உடல் மறுபக்கம் சாயக் கூடாது. பக்கவாட்டில் தள்ளாடும்போது பிடித்து நிறுத்துவது இந்த இடுப்புத் தசைதான்.

*சமநிலை.* மேடை அருகே, விரல் நுனி மட்டும் தொட்டபடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். பிறகு ஒரு விரல், பிறகு விரல் இல்லாமல். ஜப்பானிய எலும்பியல் மருத்துவர்கள் முதியோருக்குச் சொல்வது காலுக்கு ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. பால் பொங்கக் காத்திருக்கும் நேரம் இதற்குத் தோது. அது சுலபமானால் குதிகால்-விரல் ஒட்டி நேர்கோட்டு நடை, பின்னோக்கி நடை, எட்டு வடிவத்தில் நடை. தனியாக இருக்கும்போது கண்ணை மூடிச் செய்ய வேண்டாம்.

முதல் நான்கையும் வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சமநிலை மட்டும் தினமும்.

எவ்வளவு எடை? எப்போது கூட்டுவது?

8 முதல் 10 முறை செய்ததும் கடைசி இரண்டு கடினமாக இருக்க வேண்டும்; அதுதான் உங்கள் எடை. 10 முறை வீதம் இரண்டு சுற்று சிரமமின்றி வந்தால் அடுத்த வாரம் அரை கிலோ கூட்டுங்கள். காலுக்குக் கடையில் விற்கும் எடைப்பட்டை இல்லாவிட்டால், சலித்த மணலைச் சமையல் தராசில் அரை கிலோ நிறுத்துப் பழைய காலுறையில் கட்டி, இன்னொரு துணியால் கணுக்காலில் இறுக்கலாம். கைக்கு ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரோடு ஒரு கிலோ. மணல் நிரப்பினால் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். எழுந்து உட்காரும் பயிற்சிக்கு 2 கிலோ பருப்புப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு 5 கிலோ அரிசிப் பை. ஒரு நோட்டில் தேதியும் எடையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே எண் இருந்தால் பயிற்சி நின்றுவிட்டது என்றே பொருள், தினமும் செய்துவந்தாலும்.

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்; ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள்.

குதிக்கலாமா?

முள்ளெலும்பு முறிவு இல்லாதவர், முட்டி ஒத்துழைப்பவர், சிறுநீர் கசியாதவர் என்றால் சிறு அளவில் குதிக்கலாம். பிரிட்டனின் ராயல் ஆஸ்டியோபோரோசிஸ் சொசைட்டி இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலான நாட்களில் சுமார் 50 மிதமான அதிர்வுகள் போதும் என்கிறது. பத்துப் பத்தாகப் பிரித்துச் செய்யலாம். மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி "டக்"கென்று இறக்குவதிலிருந்து தொடங்கி, காலை ஓங்கி மிதிப்பது, பிறகு சின்னக் குதிப்பு. மாடி வீட்டில் கீழே குடியிருப்பவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. முதுகில் முறிவு இருந்தால் நடையும் படியேற்றமும் மட்டும்.

யோகா செய்கிறேன். தொடரலாமா?

தொடரலாம், சில ஆசனங்களை விட்டுவிட்டு. 1984-இல் சினாக்கியும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்ட ஆய்வில், முதுகில் எலும்புப்புரை உள்ள 59 பெண்கள் இருந்தார்கள். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிய முறிவு வந்தது. முன்னால் வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு வந்தது. எதுவுமே செய்யாதவர்களுக்குக்கூட 67 சதவீதம்தான். முன்வளைவுக் குழுவில் இருந்தவர்கள் ஒன்பதே பேர் என்பதால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்; ஆனால் திசை தெளிவு. யோகாவில் முன்வளைந்து முள்ளெலும்பு நசுங்கியவர்களைப் பற்றி மேயோ கிளினிக்கிலிருந்து பின்னாளிலும் அறிக்கைகள் வந்தன.

பச்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம், யோக முத்திரை, உட்கார்ந்து பலமாக முறுக்கும் ஆசனங்கள் வேண்டாம். சூரிய நமஸ்காரம்? ஒரு சுற்றில் பாதஹஸ்தாசனம் இரண்டு முறை வருகிறது. 12 சுற்று செய்தால் 24 முறை. அந்த நிலையில் தரையைத் தொடாமல், நாற்காலி இருக்கையில் கை ஊன்றி முதுகை நேராக வைத்தால் போதும். தாடாசனம், விருட்சாசனம், வீரபத்ராசனம், உத்கடாசனம், மிதமான புஜங்காசனம் நல்லவை. தொப்பை குறையப் படுத்தெழும் பயிற்சியும் முன்வளைவுதான்; அதையும் விடுங்கள்.

நாள் முழுக்க வீட்டு வேலை. அது பயிற்சி ஆகாதா?

அலைச்சல் ஆகும், பயிற்சி ஆகாது. சுமை கூடுவதில்லை, அதிலும் பாதி முன்வளைந்து செய்வது. கால்களை நேராக வைத்து இடுப்புக்கு மேலே மட்டும் வளைந்து கோலம் போடுவது, குட்டைத் துடைப்பத்தால் பெருக்குவது, குனிந்து துணி பிழிவது எல்லாமே முள்ளெலும்பின் முன்விளிம்பை அழுத்துபவை. நீளக் கைப்பிடித் துடைப்பம் வாங்குங்கள். கோலத்துக்கு முட்டி அனுமதித்தால் குந்தி உட்காருங்கள். இல்லையென்றால் மணை போட்டு உட்காருங்கள். ஒரு குடம் நிறைய இடுப்பில் சுமப்பதைவிட இரு கையிலும் அரை வாளி. சமையல் காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து 30 கிலோவுக்கு அருகே வரும். கொண்டுவருபவரையே அடுப்பருகே வைக்கச் சொல்லுங்கள். பேரக் குழந்தையைத் தரையிலிருந்து தூக்காமல், நீங்கள் உட்கார்ந்து மடிக்கு ஏறி வரச் சொல்லுங்கள். தும்மல் வந்தால் நிமிர்ந்து, ஒரு கையை மேஜையிலோ தொடையிலோ ஊன்றுங்கள்.

முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. படுத்தே இருக்க வேண்டுமா?

வலி கடுமையான முதல் சில நாட்கள் மட்டும். அதற்கு மேல் படுக்கை தசையையும் எலும்பையும் இன்னும் தின்னும். பத்து நிமிட நடை, பிறகு மல்லாந்து பத்து நிமிட ஓய்வு என்று பிரித்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கீழே விட்டபடி கையை ஊன்றி எழ வேண்டும். மேலே சொன்ன பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறையாவது நேரில் பார்த்துத் திருத்திய பிறகே தொடங்குங்கள்.

கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறது, இருமினால் சிறுநீர் கசிகிறது. எடை தூக்கலாமா?

வெட்கத்தில் பலர் கேட்காமலே பயிற்சியை விட்டுவிடும் கேள்வி இது. குதிப்பதை விடுங்கள், எடையை விட வேண்டாம். தூக்குவதற்கு ஒரு கணம் முன் சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளிழுத்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். கீழே கனம் இறங்குவதுபோல் தோன்றினால் அந்த எடை அதிகம், குறையுங்கள். மகப்பேறு மருத்துவரிடமும் காட்டுங்கள், வளையம் பொருத்துவது போன்ற எளிய வழிகள் உண்டு.

முட்டி வலி?

நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள். வலி பத்துக்கு மூன்று அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம்.

கால்சியமும் வைட்டமின் டி-யும்?

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, 200 மில்லி பாலில் சுமார் 240. கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறுமீன் எல்லாம் சேர்ந்தால் பெரும்பகுதி உணவிலேயே வரும்; குறையும் அளவுக்கு மட்டும் மாத்திரை. வைட்டமின் டி-யில் அளவு மீறுவது நம்மிடம் சகஜம். 60,000 யூனிட் பாக்கெட்டை எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், சீட்டைக் காட்டி இரண்டு ஆண்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுக்கப்பட்ட 70 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அதிகமாக விழுந்தார்கள், எலும்பும் அதிகமாக முறிந்தது.

பயிற்சி செய்தால் மருந்தை விடலாமா?

டி ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே இருந்தாலோ, இடுப்போ முதுகோ ஏற்கெனவே முறிந்திருந்தாலோ விடக் கூடாது. குறிப்பாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைச் சொல்லாமல் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, பல முள்ளெலும்புகள் ஒன்றாக நசுங்கியதுண்டு. வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கவோ குனியவோ கூடாது. மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அன்று காலை முதுகுப் பயிற்சியை மாலைக்குத் தள்ளுங்கள்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

எழுந்து உட்காரும் எண்ணிக்கை 6 முதல் 8 வாரத்தில் கூடும். தள்ளாட்டம் குறைய மூன்று மாதம். ஸ்கேனை ஓராண்டுக்கு முன் திரும்ப எடுப்பது பணவிரயம். ஒன்றிரண்டு சதவீத மாற்றம் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்த ஸ்கேனை அதே கருவியில் எடுங்கள்.

பயிற்சி செய்தும் வீட்டில் விழுகிறார்களே?

பயிற்சி ஒரு பாதி, வீடு மறு பாதி. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு, குளியலறையில் சுவரில் திருகிய கைப்பிடி (துண்டு மாட்டும் கம்பி உடல் எடையைத் தாங்காது), நழுவும் கால்மிதியை அகற்றுவது, தரையைத் தொடாத புடவை, நைட்டி. தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்த பிறகே நடக்கட்டும். கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கூட்டரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதை முடிந்தவரை தவிருங்கள்.

விழுந்துவிட்டால் எப்படி எழுவது?

உடனே எழாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே கிடந்து கை, கால், இடுப்பு ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். தொடை இடுக்கில் வலி இருந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். நகராமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வலி இல்லையென்றால் ஒரு பக்கமாக உருண்டு, முழங்கையை ஊன்றி, நான்கு கால் நிலைக்கு வாருங்கள். தவழ்ந்து போய் ஒரு நாற்காலியின் இருக்கையில் இரு கையையும் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி எழுந்து, திரும்பி உட்காருங்கள். உதவ வருபவர்கள் அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டால் போதும். இதை விழாத நாளில், பாய் விரித்து, வீட்டில் ஆள் இருக்கும்போது மாதம் ஒருமுறை செய்து பழகுங்கள்.